பதினோரு நிமிடக் கார்டு

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது, "சார், இந்த ரெண்டு கார்டுல எது நல்லது?" என்பதுதான். இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லும் பதில் மாறவில்லை. உங்களுக்கு அதில் என்ன வேலை நடக்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள், எது நல்லது என்று பிறகு நான் சொல்கிறேன் என்பேன். சிலருக்கு இந்தப் பதில் பிடிக்காது. பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து என்னிடமே வருவார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் தேவசகாயம். கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் விற்று, பழுதும் பார்க்கிறவன். போன மாதம் புதுச்சத்திரத்துக்கு அருகே ஸ்கூட்டர் சறுக்கி இறந்துபோன ஜான்சியின் அப்பா. சிதம்பரம் செம்பியன் மீது புகார் கொடுத்தவனும் நான்தான். அந்தப் பையன் பத்தொன்பது நாளாக உள்ளே இருக்கிறான். நான் கொடுத்த புகார் பொய். ஏன் பொய் சொன்னேன், எதை மறைக்கச் சொன்னேன் என்பதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. உடம்பும் நன்றாக இருக்கிறது. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கார்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். போன முறை நீங்கள் கேட்டபோது வேண்டுமென்றே குழப்பிச் சொன்னேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்தில் ஒரு பலகை இருக்கும். முதுகில் இரண்டு விசிறி. திரையில் தெரிகிற படத்தையெல்லாம் வரைந்து தருவது அதுதான். பில் போடவும் டைப் அடிக்கவும் அது தேவையில்லை. ஜான்சி மாதிரி த்ரீடி வேலை செய்கிறவர்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது. அவர்கள் கம்ப்யூட்டருக்குள் வீடு கட்டுவார்கள், மரம் நடுவார்கள், வெயிலைக்கூட வைப்பார்கள். அதையெல்லாம் கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாக வெளியே எடுத்துக் கொடுப்பது கார்டின் வேலை. ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம் வேண்டும்.

என்னிடம் இரண்டு கார்டு இருந்தன. பெரியது, சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு மூடி. பெரியதில் நினைவகம் பன்னிரண்டு ஜிபி, சின்னதில் ஆறு. கணக்குப் போடுகிற கோர்கள் பெரியதில் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம், சின்னதில் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். பெரியது நூற்றெழுபது வாட் கரண்ட் எடுக்கும், சின்னது நூற்றிருபதோடு நின்றுவிடும். காகிதத்தில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. என் கடையில் சோதனைக்கென்றே ஒரு காட்சி வைத்திருக்கிறேன், ஒரு மேசையும் நான்கு கண்ணாடி டம்ளரும். பெரியது அதைப் பதினோரு நிமிடத்தில் முடித்தது. சின்னதுக்கு முப்பத்து நான்கு நிமிடம் ஆனது.

சோதித்த கையோடு வெள்ளைப் பேப்பர் டேப்பில் ஜிபி, நிமிடம், தேதி, கீழே 'தே' என்று என் முதல் எழுத்து, இவ்வளவையும் எழுதிக் கார்டின் வயிற்றுப் பக்கம் ஒட்டிவிடுவேன். என் கடைக்குள் வந்த கார்டு எதுவும் அந்த டேப் இல்லாமல் வெளியே போனதில்லை. யோசித்துச் செய்வதில்லை, கை அதுபாட்டுக்குச் செய்யும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் மனைவி ஆரோக்கியம்மாள் இறந்து மூன்று வருடமாகிறது. முதுநகரில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவள். விடிகாலையில் போகும்போது கைக்குழந்தையாக இருந்த சின்னவள் ஜான்சியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். மூத்தவன் கனடாவில் இருக்கிறான். இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டுப் போனான், ஒன்பது வருடமாகிறது. அவன் அம்மாவின் அடக்கத்தை போனில்தான் பார்த்தான். கல்லறைத் தோட்டத்தில் சிக்னல் சரியில்லை. அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. அழுகிறானா, சிரிக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை. அன்று ஜான்சிதான் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். புதுப்பாளையத்து வீட்டில் அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் சிதம்பரத்தில் படித்தவள். செம்பியன் அவளோடு படித்த பையன். கீழ வீதிக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவனுக்கும் நான்தான் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தேன். ஜான்சிக்குப் போட்ட அதே பெரிய கார்டுதான் அவனுக்கும். வேறு எதுவும் அவர்களுக்குள் இல்லை. இருந்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருப்பாள்.

ஜான்சி முதலில் கொத்தனார்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் வீட்டு முகப்பு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பண்ருட்டியிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும்கூடக் கேட்டு வந்தார்கள். நான்கு சுவர், இரண்டு தூண், மேலே ஒரு கலசம். அந்த வேலைக்குப் பெரிய கார்டு அதிகம்தான். என் மகளுக்கு என்பதால் போட்டேன். போட்ட நான்காம் மாதம், செப்டம்பர் கடைசியில், கடைக்கே ஓடி வந்தாள்.

"ப்பா, பெங்களூர் ஸ்டுடியோலருந்து மெயில் வந்துருக்குதுப்பா. டெஸ்ட் குடுத்துருக்காங்க. ஒரு நிமிஷப் படம் செஞ்சு அனுப்பணும். ஆறு வாரம் டைமு."

"பாஸாயிட்டா பெங்களூருக்குப் போவணுமா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்ப்பா. மொதல்ல பாஸாவணும்ல."

அவள் முகத்தைப் பார்த்தேன். மூத்தவன் விசா வந்த அன்றைக்கு வைத்திருந்த அதே முகம். சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கும். அந்தச் சந்தோஷத்தோடு பக்கத்துக் கடைக்காரர் மணவாளனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, யார் மனமும் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் கேட்டிருப்பாள். அதுதான் சிக்கல். அப்பா சொன்னார் என்று இருந்துவிட்டு, வாழ்நாள் முழுக்க என்னைக் குறையோடு பார்த்திருப்பாள். அவளே, எனக்கு இது வராது என்று முடிவு செய்துவிட்டால் யார் மேலும் வருத்தம் இருக்காது. அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஆகவே நான்கைந்து நாள் கார்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். கடையில் பழைய கார்டுகள் ஐந்து இருந்தன. எல்லாவற்றையும் சோதித்தேன். ரொம்ப மட்டமான கார்டைப் போட்டால் கார்டில்தான் கோளாறு என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள். அவள் கெட்டிக்காரி. வேலை நடக்க வேண்டும், ஆனால் இழுக்க வேண்டும். பாதி தூரம் போன பிறகு நிற்க வேண்டும். பார்க்கிறவளுக்குக் கார்டின் மேல் சந்தேகம் வராமல் தன் மேலேயே சந்தேகம் வர வேண்டும். அந்த வேலைக்கு எது நல்லது என்று பார்த்தேன். சின்ன கார்டு சரியாக இருந்தது.

கார்டுக்குள் அதன் பெயரைச் சொல்கிற ஒரு சின்ன நிரல் உண்டு. அதை மாற்றி எழுதினால் சின்ன கார்டு தன்னைப் பெரிய கார்டு என்று சொல்லிக்கொள்ளும். ஆறு ஜிபியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு என்று திரையில் காட்டும். ஆறைத் தாண்டி பாரம் ஏற்றினால் திரை கறுத்துப்போகும். இப்படிப்பட்ட திருட்டுக் கார்டுகளைப் பழைய மார்க்கெட்டில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கும் இரண்டு முறை வந்திருக்கின்றன. அனுப்பியவனை வாய்க்கு வந்தபடி திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடையில் எந்த வாடிக்கையாளருக்கும் நான் அப்படி ஒரு கார்டைக் கொடுத்ததில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

கடலூரில் உப்புக் காற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கார்டைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல் வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்க்காவிட்டால் பச்சை பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், "மெஷினைத் தொடச்சித் தரேம்மா" என்று கடைக்கு எடுத்துப் போனேன். அவளே கேபிளைக் கழற்றிக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்து, பெரியதைக் கழற்றி, சின்னதை மாட்டி, திருகை முறுக்கப் பத்து நிமிடம். மாலையில் வீட்டில் வைத்தபோது, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். பெரிய கார்டை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

அவள் எடுத்துக்கொண்ட படம் முதுநகர் துறைமுகம். விடிகிற நேரம், நாற்பது படகு, வலை, காக்கை, ஐஸ் உடைக்கிற ஆட்கள். நடுவில் ஒரு பெண் டிபன் பையோடு நிற்பாள். பச்சைப் புடவை, அதில் சிவப்புப் பூ. யாரென்று நான் கேட்கவில்லை. புடவையைப் பார்த்தாலே தெரிந்தது.

இரண்டாவது வாரமே திரை கறுக்க ஆரம்பித்தது.

"எம்மா நேரம் எடுக்குதுப்பா. பாதியில வேற நின்னுடுது. முன்ன இப்பிடி இல்லியே."

"முன்ன நீ செஞ்சது வெறும் செவுரும் ஜன்னலும். இது கடலு, படகு, ஆளுங்க. லோடு ஜாஸ்தி. நீ சீனைக் கட்டுற வெதத்துல அடக்கம் இல்லம்மா."

"கார்டை ஒருவாட்டி பாருங்களேன்."

"கார்டு நான் போட்டது. அதுல என்ன பாக்கறது?"

அதற்குப் பிறகு அவள் கார்டைப் பற்றிப் பேசவில்லை. பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தாள். முதலில் தூரத்துப் படகுகளை எடுத்தாள். பிறகு வலைகளை. ஐஸ் உடைக்கிறவர்களில் மூன்று பேரை எடுத்துவிட்டு ஒருவனை மட்டும் வைத்தாள். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நான் கடையிலிருந்து வரும்போது துறைமுகத்தில் கூட்டம் குறைந்திருக்கும். காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். "இப்பத்தான் சுத்தமா இருக்குது" என்பேன். ஐந்தாவது வாரம் ஆறு படகுதான் மிச்சம்.

"பொடவைப் பூவெல்லாம் எடுத்துட்டேன்ப்பா. அந்த டிசைனுதான் மெமரிய ஜாஸ்தி தின்னுது. இப்ப வெறும் பச்ச."

"வெறும் பச்சையே நல்லாத்தான் இருக்குது."

"அம்மாகிட்ட வெறும் பச்சப் பொடவை இல்லப்பா" என்றாள். மவுஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, "எனக்குத்தான் வரல போல. கையில சரக்கு இல்ல" என்றாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் நான் ஐந்து வாரம் காத்திருந்தேன். கேட்டபோது நெஞ்சு வலித்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அன்று துறைமுகத்துக்குப் போய் நல்ல சுறா வாங்கி வந்து, அவளுக்குப் பிடித்த மாதிரி பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். இந்த வருத்தம் இரண்டு மாதத்தில் ஆறிவிடும், அப்புறம் பழையபடி வீட்டு முகப்பு வரைவாள் என்று நினைத்தேன். பெற்றவன் பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிப்போவதில்லையா, அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவள் செய்ததை எனக்குச் செம்பியனின் வாக்குமூலம் சொன்னது. நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். தன் படத்திலிருந்து ஒரு துண்டை அவனுக்கு அனுப்பி, அவன் மெஷினில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அவனுக்குப் பன்னிரண்டு நிமிடம், அவளுக்கு நாற்பது. இரண்டு பேரிடமும் ஒரே கார்டு, ஒரே கடையில் வாங்கியது. அவள் பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றியிருக்கிறாள். வயிற்றுப் பக்கம் டேப் இருந்தது. ஆறு ஜிபி, முப்பத்து நான்கு நிமிடம், தேதி, 'தே'. என் கை அதுபாட்டுக்கு எழுதி ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவன், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை யோசிக்கவில்லை.

அவள் செம்பியனிடம் போனில் சொன்னதாக அவன் சொன்னது இது: "அப்பாதான் மாத்தியிருக்காரு. அவுருகிட்ட கேக்க மாட்டேன். கேட்டா ஒடைஞ்சிடுவாரு. எங்கிட்ட முழுப் படம் அப்பிடியே இருக்குது, ஒங்க ஸ்டுடியோவுல வந்து முடிச்சிக்கறேன். அப்பாவுக்குத் தெரிய வேணாம்." எழுத்தில் எதுவும் இல்லை, போனில் பேசியது. அதனால் அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. எந்த அப்பன் அப்படிச் செய்வான் என்று உங்கள் ஏட்டையா கேட்டார். நானும் அவரோடு சேர்ந்து தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை மாலைக்குள் படத்தை அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை மழை. சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான் என் கடை. பஸ் ஏற நின்றால் நான் பார்த்துவிடுவேன். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டு ஸ்கூட்டரில் போனால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி, அதன் மேல் துப்பட்டாவைச் சுற்றி, வண்டிக்குள் வைத்திருக்கிறாள். புதுச்சத்திரம் தாண்டாமலே ரோட்டோரம் கொட்டிக் கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டான். அவன் மேல் தப்பில்லை. ஹார்டு டிஸ்க் நனையவே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள்.

அவள் கடையைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேனா என்று கேட்டீர்கள். ஒரு மஞ்சள் மழைக்கோட்டு போனது. மழையில் எத்தனையோ மஞ்சள் மழைக்கோட்டு போகும். நான் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு கார்டில் எது நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய கார்டு என் முழங்காலுக்கு நேரே இழுப்பறையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அடக்கம். கனடாக்காரன் இந்த முறையும் போனில்தான் வந்தான்.

சனிக்கிழமை காலையில், துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் இருக்கும்போதே, நான் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். சின்னதைக் கழற்றிப் பெரியதை மாட்டினேன். பத்து நிமிடம். அவள் உயிரோடு இருந்தபோது ஆறு வாரமாக என்னால் செய்ய முடியாமல் போன வேலை, அவளைப் புதைத்த மறுநாள் பத்து நிமிடத்தில் முடிந்தது. சின்ன கார்டைத் திருப்பிப் பார்த்தேன். டேப்பை ஒரு ஓரத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒட்டியிருந்த இடத்திலேயே அவள் திரும்ப ஒட்டியிருந்தாள். ஓரம் மட்டும் சின்னதாக மடிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. செம்பியன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். "எதுக்குங்க இந்த மழையில சிதம்பரம் போனாங்க?" என்று கேட்டீர்கள். ஒரு பதில் வேண்டியிருந்தது. அவள் போனில் கடைசியாகப் பேசியது செம்பியனிடம். அவன் ஸ்டுடியோ வைத்திருப்பவன். போட்டோவை வைத்து மிரட்டி வரவழைத்தான் என்று சொன்னேன். ஊரே அதை உடனே நம்பியது. ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை. ஸ்டுடியோக்காரன் என்றாலே ஜனங்களுக்குப் போதும்.

அவன் கார்டு விஷயத்தைச் சொன்னபோது, நீங்கள் என்னையே கேட்டீர்கள், தொழில் தெரிந்தவன் என்று. மெஷினைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். பன்னிரண்டு ஜிபி, பெரிய கார்டு. அப்படியானால் அவனுக்குப் பன்னிரண்டு நிமிடமும் இவளுக்கு நாற்பது நிமிடமும் ஏன் என்று கேட்டீர்கள். "கார்டு ஒண்ணுதாங்க, ஆளு வேற. எம்பொண்ணுக்கு அந்த அளவுக்கு வராது" என்று சொன்னேன். மண்ணுக்குள் போன பிறகும் அவள் கையைத்தான் குறை சொன்னேன்.

முந்தாநாள் செம்பியனின் அம்மா ராசம்மாள் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. சமையல் புகை வாசம் அடிக்கிற புடவையோடு நேராக பஸ் ஏறி வந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சுவரில் மாலை போட்டிருந்த ஜான்சியின் படத்தைப் பார்த்ததும் முதலில் அழுதாள்.

"தங்கமான புள்ளைங்க. எங்க வூட்டுக்கு வந்தா வாய்க்கு வாய் எங்கப்பா எங்கப்பான்னுதான் பேசும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"எம்புள்ள பொய் சொல்லுவான், ஐயா. சின்னதுல எங்கிட்டயே எம்மானோ சொல்லியிருக்கான். ஆனா இம்மாம் பெரிய பொய்ய ரோசன பண்ற புத்தி அவனுக்குக் கெடையாது. பெத்தவரே பொண்ணோட மெஷினக் கெடுத்து வெச்சாருன்னு ஒரு புள்ளைக்கு எப்பிடிங்க தோணும்? நடக்காம இருந்தா தோணுமா?"

இருபத்திரண்டு வருடத்தில் என் கடையில் ஒருவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமல் போனது அன்றைக்குத்தான். "வூட்டுக்குப் போயி அந்தப் பொட்டிய ஒருவாட்டி தொறந்து பாருங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவுப்பக்கம் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தாள். வார் அறுந்திருந்தது.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அவள் மெஷினைப் போட்டேன். 'முழுப்படம்' என்று ஒரு கோப்பு இருந்தது. திறந்தேன். நாற்பது படகும் இருந்தன. வலைகள், காக்கைகள், நான்கு ஐஸ்காரர்கள். அவள் எதையும் அழிக்கவில்லை. எனக்குக் காட்டியது ஒரு நகலைத்தான் போலிருக்கிறது. படங்களைக் கணக்குப் போட்டு வெளியே எடுக்கிற ரெண்டர் பொத்தானை அழுத்தினேன். மறுநாள் அதே நேரம் வரை ஓடியது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரை ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. கார்டின் சூடு அறுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. அருமையான கார்டு.

படம் ஒரு நிமிடம். ஐயா, எனக்கு எழுதத் தெரிந்தது இயந்திரங்களைப் பற்றித்தான். அதனால் அதிகம் சொல்லவில்லை. ஆரோக்கியம் நிற்கிறாள். புடவையில் பூ இருக்கிறது. காற்றடிக்கும்போது ஒவ்வொரு பூவும் தனித்தனியாக மடங்கி விரிகிறது. கடைசியில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். யாரையோ தேடுகிற மாதிரி இல்லை, ஏற்கெனவே பார்த்துவிட்ட மாதிரி. என் மகளுக்குக் கையில் சரக்கு இல்லை என்று அவளையே நான் நம்ப வைத்திருந்தேன். நான் வாய்விட்டு அழுதேன். இறந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

அழுது முடித்த பிறகு, அவளுக்குப் பதிலாக அந்தப் படத்தைப் பெங்களூருக்கு அனுப்பி வைக்கலாம் என்று தோன்றியது. காலம் கடந்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் அவள் பெயரில் ஒரு நல்ல வார்த்தை வரட்டுமே என்று அவள் மெயிலைத் திறந்தேன். அங்கே அவள் அவர்களோடு எழுதிக்கொண்ட கடிதங்கள் இருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

டெஸ்ட் வந்த மூன்றாம் நாளே எழுதிக் கேட்டிருக்கிறாள். எங்கப்பா தனியாக இருக்கிறார், கடலூரை விட்டு என்னால் வர முடியாது, வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியுமா என்று. முடியும் என்று அவர்கள் அடுத்த நாளே பதில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பதில் போட்ட நாள் வெள்ளிக்கிழமை. நான் மெஷினைக் கடைக்கு எடுத்துப் போனது அதற்கு அடுத்த ஞாயிறு. பாஸான பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள் போல.

கடைசிக் கடிதம் புதன்கிழமை எழுதியது. டேப்பைப் பார்த்ததற்கு மறுநாள், ரோட்டில் விழுந்ததற்கு முந்தின நாள். வீட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தகுந்த மெஷின் உங்களிடம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அவள் பெரிய கார்டின் பெயரை எழுதி, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். என் மெஷினை எங்கப்பாதான் பார்த்துக்கொள்கிறார், அதில் எந்தப் பிரச்சினையும் வராது என்று.

சின்ன கார்டை ஒரு கவரில் வைத்து இத்துடன் கொடுக்கிறேன். டேப்பைப் பிரிக்கவில்லை. கையெழுத்தை இந்தத் தாள்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெரிய கார்டு அவள் மெஷினில் இருக்கிறது. சாட்சிக்கு எடுக்க வேண்டுமென்றால் மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள், ஓரத்தில் ஒரு கிளிப் உண்டு, அதை முதலில் அழுத்த வேண்டும். செம்பியனை இன்றைக்கே விட்டுவிட முடியுமானால் விட்டுவிடுங்கள். அவன் அம்மாவுக்கு என்னால் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை, இதைப் படித்துக் காட்டுங்கள்.

மகள் என்னை விட்டுப் போய்விடக் கூடாதே என்றுதான் இவ்வளவும் செய்தேன் என்று இந்தத் தாளை எழுத ஆரம்பிக்கும்போதுகூட நினைத்திருந்தேன். ஜான்சி எங்கேயும் போவதாக இல்லை. நான்தான் அனுப்பி வைத்தேன்.